டிரில் மெஷின் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் வாங்குவது பிட்டை (துளைக்கும் முனையை) கவ்விப் பிடிக்கும் 13 மி.மீ. சக் வைத்த, 500 முதல் 750 வாட் வரையிலான இம்பாக்ட் டிரில். இங்கே சொல்வது அதற்குத்தான். பேட்டரி டிரில் மாறுபடும் இடங்களைக் கடைசியில் பார்க்கலாம்.

ஓட்டை இறங்கவில்லை என்றால் உடனே எல்லோரும் செய்வது, இன்னும் ஓங்கி அழுத்துவது. குறை அழுத்தத்தில் இருப்பது அபூர்வம். பிட், மோடு, வேகம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று துளைக்கிற பொருளுக்குப் பொருந்தவில்லை. எது பொருந்தவில்லை என்பதைப் பெரும்பாலும் ஓட்டையிலிருந்து விழும் தூளே காட்டிவிடும். மணல் மணலாக வெளிர் சாம்பல் தூள் வந்தால் பிட் இன்னும் பூச்சில்தான் இருக்கிறது. சிவப்பாக வந்தால் செங்கல். மாவு போல நைசாகச் சாம்பல் நிறத்தில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கான்கிரீட். தூள் நின்றுபோய் பளபளவென்று ஒன்றிரண்டு துணுக்கு மட்டும் வந்தால், உள்ளே கம்பி.

எந்தக் குறையைப் பார்ப்பதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிட் மாற்றும்போது விரல் தவறி டிரிக்கரில் பட்டால், சக்கில் மாட்டியிருக்கும் சாவி முகத்தை நோக்கித்தான் பறக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கான்கிரீட்டில் வேலை என்றால் என்95 மாஸ்க்கும் வேண்டும்; அந்தத் தூளில் இருக்கும் சிலிகா நுரையீரலில் போய்த் தங்கிவிடும். துணிக் கையுறை மட்டும் வேண்டாம். சுற்றும் பிட் அதன் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, தொங்கும் துண்டு, விரித்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பிட் சுற்றுகிறது, ஓட்டை இறங்கவில்லை

முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். ஸ்க்ரூ கழற்றிய பிறகு ரிவர்ஸிலேயே விட்டுவிட்டு அடுத்த ஓட்டைக்குப் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். பின்னால் நின்று பார்த்தால் பிட் வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். ரிவர்ஸிலும் பூச்சு கொஞ்சம் தேய்ந்து தூள் கொட்டும் என்பதால் சட்டென்று பிடிபடாது.

அடுத்தது பிட். சுவருக்கான மேசனரி பிட்டின் நுனியில் ஒரு கார்பைட் துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது பிட்டின் உடம்பைவிடச் சற்று அகலமாகத் தெரியும். கறுப்பாகவோ பொன்னிறமாகவோ ஒரே உலோகத்தில் கூர்மையாக இருப்பது எச்எஸ்எஸ் பிட்; அது இரும்புக்கும் மரத்துக்கும். நுனியில் நடுவே ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் மரத்துக்கு மட்டும். எச்எஸ்எஸ் பிட்டைச் சுவரில் வைத்தால் ஒரே ஓட்டையில் முனை மழுங்கிவிடும். அதற்குப் பிறகு அது இரும்புக்கும் உதவாது.

பிட் சரியாக இருந்தால் மோடைப் பாருங்கள். மேலே சுத்தியல் படம் போட்ட நெம்புகோல் இருக்கும். செங்கலுக்கும் கான்கிரீட்டுக்கும் சுத்தியல் பக்கம். மரம், இரும்பு, டைல்ஸ், ஏஏசி பிளாக் (எடை குறைந்த நுரை கான்கிரீட் கல்) ஆகியவற்றுக்கு டிரில் பக்கம்.

எல்லாம் சரி, கான்கிரீட்டில் மட்டும் ஓர் அளவுக்கு மேல் போகவில்லை என்றால் இரண்டு காரணங்கள். ஒன்று கம்பி. ஸ்லாபில் சுமார் 20, பீமில் 25, தூணில் 40 மி.மீ. ஆழத்தில் கம்பி தொடங்கும். பிட் அந்த ஆழத்தில் நின்று, சத்தம் கணீரென்று மாறினால் அழுத்துவதை நிறுத்துங்கள். இன்னும் பத்து விநாடி அழுத்தினால் கார்பைட் முனை சூடேறிக் கழன்று வந்துவிடும். ஓட்டையை 3 செ.மீ. தள்ளிப் போடுங்கள். பீமிலும் தூணிலும் கம்பியை வெட்டிக்கொண்டு போகும் யோசனையே வேண்டாம். கட்டடத்தைத் தாங்குவது அதுதான்.

இன்னொரு காரணம், மெஷினின் எல்லை. இம்பாக்ட் டிரில்லில் அடி எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் இது புரியும். உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் குதிக்கின்றன. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 40,000 அடிக்கு மேல் விழும். ஆனால் ஒவ்வோர் அடியும் சின்ன அடி, அதற்கும் வலு நம் கை அழுத்தத்திலிருந்துதான் வர வேண்டும். ரோட்டரி ஹேமரில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது. அடிகளின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பல மடங்கு வலுவானது, கையை வெறுமனே வைத்திருந்தால் போதும். ஆகவே கதவு, ஜன்னலுக்கு மேலே உள்ள லிண்டலில் 6 மி.மீ. ஓட்டை நாலைந்து என்றால் இம்பாக்ட் டிரில் தாங்கும். ஸ்லாபில் 10, 12 மி.மீ. ஓட்டை வரிசையாகப் போட வேண்டுமென்றால் எஸ்டிஎஸ் பிளஸ் பிட் (பின்பகுதியில் பள்ளம் வெட்டியது) மாட்டும் ரோட்டரி ஹேமரை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே மேல்.

கான்கிரீட்டில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பிட்டைச் சுற்றவிட்டபடியே வெளியே இழுத்துத் தூளை வெளியேற்றுங்கள். தூள் உள்ளே அடைத்துக்கொண்டால் பிட் கான்கிரீட்டை அல்ல, அந்தத் தூளைத்தான் அரைத்துக்கொண்டிருக்கும்.

புள்ளி வைத்த இடத்தை விட்டு பிட் வழுக்கி ஓடுகிறது

இரும்பில் என்றால் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டுத் தட்டி குழி போடாமல் தொடங்கியதுதான் காரணம். 6 மி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டை என்றால் 3 மி.மீ. பிட்டில் முன்துளை போட்டுவிட்டுப் பெரிதாக்குங்கள். பெரிய பிட்டின் நுனியில் நடுவே இருக்கும் தட்டையான விளிம்பு வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும். முன்துளை அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது.

பூசிய சுவரில் என்றால் சுத்தியல் மோடில், முழு வேகத்தில் தொடங்கியிருப்பீர்கள். டிரில் மோடில், மெதுவாக, பிட் 5 மி.மீ. இறங்கும்வரை போய்விட்டு அப்புறம் சுத்தியலுக்கு மாறுங்கள். மோடை மாற்றும்போது மெஷின் நின்றிருக்க வேண்டும்.

டைல்ஸில்தான் இந்தக் குறை விலை உயர்ந்தது. மேலே உள்ள பளபளப்பான கண்ணாடிப் பூச்சு உடையாதவரை பிட் எங்கும் நிற்காது. வழி இது:

1. ஓட்டை வர வேண்டிய இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன் மேல் புள்ளி வையுங்கள். டைல்ஸ் ஓரத்திலிருந்து குறைந்தது 2 செ.மீ. உள்ளே இருக்கட்டும்.
2. ஈட்டி முனை போன்ற கார்பைட் டைல்ஸ் பிட்டை மாட்டுங்கள். சுத்தியல் மோடு கூடவே கூடாது.
3. டிரிக்கரை லேசாக மட்டும் அழுத்தி, பூச்சு விட்டு உள்ளே உள்ள மண் நிறம் தெரியும்வரை காத்திருங்கள்.
4. டைல்ஸின் கனத்தைத் தாண்டியதும் பிட் சட்டென்று உள்ளே போவது தெரியும். நிறுத்தி மேசனரி பிட்டுக்கு மாறுங்கள். அது டைல்ஸைத் தாண்டி சுவரில் இறங்கிய பிறகே சுத்தியல்.
5. ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டையில் செருகும் ரால் பிளக்கை டைல்ஸின் கனத்துக்கு உள்ளே போகும்வரை தட்டுங்கள். டைல்ஸுக்குள்ளேயே பிளக்கின் வாய் நின்றால், ஸ்க்ரூ முடுக்கும்போது அது விரிந்து டைல்ஸைப் பிளந்துவிடும். ஓட்டை அழகாக விழுந்து, கடைசி முடுக்கில் விரிசல் விடுவதற்கு இதுதான் காரணம்.

சாதாரண சுவர் டைல்ஸுக்கு இது போதும். விட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் ஈட்டி முனை மழுங்குமே தவிர இறங்காது. அதற்கு உள்ளே கூடாக இருக்கும் டயமண்ட் பிட் வேண்டும். அதில் நடுமுனை கிடையாது என்பதால் நேராக வைத்தால் சறுக்கி ஓடும். 45 பாகை சாய்த்துப் பிறை அளவு வெட்டு விழுந்த பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். ஈர ஸ்பாஞ்சை அருகில் பிடித்துக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் சேரும் வேலை இது. கரண்ட் டிரில்லைவிட பேட்டரி டிரில் பத்திரம்.

ஓட்டை பெரிதாகிவிட்டது, ரால் பிளக் சுற்றுகிறது அல்லது கையோடு வருகிறது

பிட் தேய்ந்ததால் இப்படி ஆகாது. தேய்ந்த பிட் ஓட்டையைச் சிறிதாக்கும். பெரிதாவதற்குக் காரணம் கை ஆட்டம், வளைந்த பிட், அல்லது மிருதுவான சுவரில் சுத்தியல். பழைய சுண்ணாம்புப் பூச்சும் மட்டமான செங்கலும் சுத்தியல் அடிக்கு உதிரும். அங்கே டிரில் மோடே போதும். ஏஏசி பிளாக்கில் சுத்தியலைத் தொடவே வேண்டாம். அதற்கென்று அகலமான மரை வைத்த தனி பிளக் கிடைக்கிறது, சாதாரண ரால் பிளக் நிற்காது.

ஓட்டை சரியாக இருந்தும் பிளக் கழன்று வந்தால் ஆழத்தைப் பாருங்கள். உட்சுவரின் பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும். 30 மி.மீ. பிளக்கின் பாதி அதிலேயே போய்விடுகிறது. கண்ணாடி பிரேம் மாட்ட அது போதும். கீஸர், டிவி ஸ்டாண்டு, சமையலறை அலமாரி ஆகியவற்றுக்கு 10 மி.மீ. தடிமனில் 50 மி.மீ. நீளப் பிளக்கோ, கனத்தைப் பொறுத்து ஆங்கர் போல்ட்டோ வேண்டும்.

அளவுக் கணக்கு எளிது. பிளக் 6 மி.மீ. என்றால் பிட்டும் 6 மி.மீ. தான். ஆழம், பிளக் நீளத்தோடு 10 மி.மீ. கூட்டல், தூள் தங்க அந்த இடம் வேண்டும். பிட்டில் அந்த ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ, 6 மி.மீ. பிளக்குக்கு 4 அல்லது 4.5 மி.மீ., 8-க்கு 5 மி.மீ. என்று வைத்தால் நன்றாகப் பிடிக்கும். ஸ்க்ரூவின் முனை பிளக்கின் கடைசியைத் தாண்டி எட்டிப்பார்த்தால்தான் பிளக் முழுதாக விரியும். கடையில் பிளக்கோடு சேர்த்துக் கொடுக்கும் ஸ்க்ரூ பல நேரம் குட்டையாக இருப்பதைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே பெரிதாகிவிட்ட ஓட்டைக்குத் தீக்குச்சி செருகுவது தற்காலிகம்தான், அதுவும் காலண்டர் மாட்டும் அளவுக்கு. முறையான வழி, அதே ஓட்டையை 8 மி.மீ. ஆக்கி 8 மி.மீ. பிளக் போடுவது. இல்லையென்றால் தூளை ஊதி, ஈரமாக்கி, சிமெண்டு குழைத்து அடைத்து, நன்றாக இறுகிய பிறகு புதிதாகத் துளைப்பது. சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டியை (புட்டி) வைத்து அடைத்தால் எடை தாங்காது.

பிட் சிக்கிக்கொண்டு மெஷின் கையை முறுக்குகிறது

மணிக்கட்டு உளுக்குவது இதில்தான். பிட் நின்றுவிட்டால் மோட்டாரின் திருகுவிசை முழுவதும் மெஷினின் உடம்பைச் சுற்றவைக்கும். பக்கக் கைப்பிடியைப் பெட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள், 8 மி.மீ.க்கு மேற்பட்ட எந்த ஓட்டைக்கும் அதை மாட்டி இரண்டு கையால் பிடியுங்கள். டிரிக்கரை அழுத்திய நிலையில் பூட்டிவைக்கும் சின்னப் பொத்தான் கைப்பிடியின் பக்கத்தில் இருக்கும். கையில் பிடித்து வேலை செய்யும்போது அதைத் தொடாதீர்கள். பிட் சிக்கியதும் கையை விட்டாலும் மெஷின் நிற்காது. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் பூட்டிய மெஷின் தானாகவே ஓடத் தொடங்கும்.

சிக்கியதும் செய்ய வேண்டியது: டிரிக்கரை விடுங்கள், முழுதாக நிற்கட்டும், ரிவர்ஸுக்கு மாற்றி மெல்ல இழுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் கரண்ட் பிளக்கைப் பிடுங்கி, சக்கைத் தளர்த்தி, பிட்டைச் சுவரிலேயே விட்டுவிட்டு மெஷினை எடுத்துவிடுங்கள். பிட்டை ப்ளையரால் இடப்பக்கமாகத் திருகி எடுக்கலாம். மெஷினை மேலும் கீழும் ஆட்டினால் சக்கைச் சுற்றவைக்கும் தண்டான ஸ்பிண்டில் வளையும்.

தகட்டில் பிட் சிக்குவது ஓட்டை மறுபக்கம் வெளிவரும் நொடியில். அந்த நேரத்தில் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது. சிக்கினால் அது காற்றாடியாகச் சுற்றிக் கையை வெட்டும். கிளாம்ப் போட்டுக் கட்டையோடு சேர்த்து இறுக்குங்கள்.

இரும்பில் கீச்சென்று சத்தம், பிட் நுனி நீலமாகிறது

வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. மக்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்: முழு வேகத்தில் வைத்து லேசாகத் தொடுகிறார்கள். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்புக்கு 3 மி.மீ. பிட் சுமார் 2,600 ஆர்.பி.எம்., 6 மி.மீ. பிட் 1,300, 10 மி.மீ. பிட் 800 என்பது நல்ல கணக்கு. 2,800 ஆர்.பி.எம். மெஷினில் 3 மி.மீ.க்கு ஏறக்குறைய முழு டிரிக்கர், 6-க்குப் பாதி, 10-க்குக் கால்வாசிக்குச் சற்று மேல். சரியாக வெட்டினால் இரண்டு பக்கமும் சுருள் சுருளாக வரும். பொடியாக உதிர்ந்தால் பிட் தேய்க்கிறது என்று பொருள். அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

எஸ்.எஸ். பைப்புக்கு இந்த வேகத்திலும் பாதிக்குக் கீழே. துருப்பிடிக்காத இரும்பு தேய்த்தால் இறுகிக்கொள்ளும் குணமுடையது. மழுங்கிய பிட்டை வேகமாக ஒரு நிமிடம் சுற்றவிட்டால் அந்த இடம் அப்புறம் புதுப் பிட்டுக்கும் வழிவிடாது. கோபால்ட் கலந்த பிட், மெதுவான வேகம், விடாத அழுத்தம், எண்ணெய் ஆகிய நான்கும் சேர வேண்டும்.

நீலமான எச்எஸ்எஸ் பிட்டைச் சாணையில் பிடித்து முனையைப் புதிதாக்கலாம். இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளமாக வர வேண்டும், இல்லையென்றால் ஓட்டை பெரிதாகும். மேசனரி பிட்டின் கார்பைடைச் சாதாரண சாணைக் கல் அறுக்காது. புதிதாக வாங்கிவிடுங்கள்.

பிட் சக்கில் நழுவுகிறது, அல்லது ஆடிக்கொண்டே சுற்றுகிறது

சக்கில் மூன்று துளைகள் இருப்பது அழகுக்கு அல்ல. ஒரே துளையில் சாவியைப் போட்டு முடுக்கினால் மூன்று தாடையும் சமமாகப் பிடிக்காது. மூன்றிலும் சுற்றிவந்து இறுக்குங்கள். சின்ன பிட்டுகள் இரண்டு தாடைகளுக்கு நடுவில் ஓரமாக மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது பிட் வட்டம் போட்டுச் சுற்றும்.

மூன்று துளையிலும் முடுக்கிய பிறகும் ஆடினால், பிட்டைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் தாவித் தாவி உருளும். பிட் நேராக இருந்தும் ஆடினால் சக்கின் தாடையோ ஸ்பிண்டிலோ தேய்ந்திருக்கிறது. சக்கை மாற்றுவது வீட்டிலேயே முடியும். வாயை முழுதாகத் திறந்தால் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். ரிவர்ஸ் உள்ள மெஷின்களில் அது இடது மரை; வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்க்ரூவின் தலையை வழித்துவிடுபவர்கள் அதிகம். அதை எடுத்த பிறகு சக்கில் ஒரு பெரிய ஆலன் கீயைப் பிடித்து, இடப்பக்கம் திரும்பும்படி சட்டென்று ஒரு தட்டு.

மேல்நோக்கிச் சீலிங்கில் துளைத்த பிறகு சக் கரகரவென்று திரும்பினால் சிமெண்டுத் தூள் இறங்கிவிட்டது. தலைகீழாகப் பிடித்துத் தட்டி, பிரஷால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். அடுத்தமுறை பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டிப் பிட்டில் குத்தி மாட்டிக்கொள்ளுங்கள். தூள் அதிலேயே விழும்.

மரத்தில் புகை, பின்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்கிறது

மரத்தூள் பிட்டின் பள்ளத்தில் அடைத்துக்கொண்டதால் புகை வருகிறது. அடிக்கடி வெளியே இழுங்கள். மேசனரி பிட்டால் மரத்தைத் துளைத்தாலும் புகைதான் வரும். பின்பக்கம் பிய்யாமல் இருக்க ஒரு வேண்டாத கட்டையை அண்டக்கொடுத்து இறுக்கிவிடுங்கள்.

மெஷினுக்குள் தீப்பொறி, கருகல் வாசனை, விட்டுவிட்டு ஓடுவது

காற்றுத் துவாரத்தில் சின்னச் சின்ன நீலப் பொறி தெரிவது இயல்பு. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், சுற்றும் செம்புப் பட்டைகளில் உரசிக்கொண்டே போவதால் வருவது அது. பொறி பெரிதாகி, மெஷின் விட்டுவிட்டு ஓடி, தட்டினால் மறுபடி ஓடினால் பிரஷ் தேய்ந்துவிட்டது. 5 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டால் மாற்றுங்கள். ஒன்று நன்றாக இருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய பிரஷைக் கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். புதுப் பிரஷ் மாட்டி, சுமையில்லாமல் சில நிமிடம் ஓட்டினால் படிந்துகொள்ளும்.

புதுப் பிரஷ் போட்டும் ஆர்மேச்சரை (மோட்டாரின் சுற்றும் பாகம்) சுற்றி நெருப்பு வளையமாகத் தெரிந்தால் காயிலில் ஷார்ட். அது பட்டறை வேலை. மலிவான மெஷினில் ஆர்மேச்சரும் கூலியும் சேர்த்தால் புது மெஷின் விலையை நெருங்கிவிடும். விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கருகல் வாசனை மட்டும் வந்தால் பெரும்பாலும் சூடு. குளிர்விக்கும் விசிறி மோட்டார் தண்டிலேயே இருக்கிறது. மெதுவான வேகத்தில் நீண்டநேரம் அழுத்தினால் காற்று குறைந்து சூடு ஏறும். உடனே அணைத்து மூலையில் வைக்காதீர்கள். பிட்டை வெளியே எடுத்து, சுமையில்லாமல் முழு வேகத்தில் ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டினால் விசிறியே குளிர்வித்துவிடும். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் மெஷினைச் சோர்வாக்கும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயராக இருக்கட்டும், சுருளை முழுதாகப் பிரித்துப் போடுங்கள்.

ஷாக் அடிக்கிறது, எம்சிபி விழுகிறது, தண்ணீர் பீறிடுகிறது

சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை மெஷினில் இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன். இரண்டு பின் பிளக்கே போதும். பழைய உலோக உடம்பு மெஷினுக்கு எர்த் கட்டாயம். எதுவானாலும் லேசாகச் சுரீரென்றாலும் அன்றோடு நிறுத்தி, பட்டறைக்குக் கொடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் செருகுவதே நல்லது.

சுவருக்குள் மறைத்து வயர் கொண்டுபோகும் கன்சீல்டு பைப்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே, சில நேரம் நேர் கீழே போகும். தண்ணீர் பைப் குழாயிலிருந்து அதேபோல. அந்தக் கோட்டில், இருபுறமும் ஒரு சாண் அளவுக்குத் துளைக்காதீர்கள். குளியலறையில் கீஸருக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள சுவர் முழுவதையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

எம்சிபி விழுந்தால் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, வயரில் பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். தண்ணீர் பைப் ஓட்டையானால் பிட்டை அவசரமாகப் பிடுங்கினால் பீய்ச்சியடிக்கும். முதலில் டிரில்லின் பிளக்கைப் பிடுங்குங்கள், சக்கைத் தளர்த்தி மெஷினை அகற்றுங்கள், டேங்க் வால்வை மூடிக் குழாய்களைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள், அப்புறம் பிட்டை எடுக்கலாம்.

பேட்டரி டிரில் டக டக என்கிறது, சுற்றவில்லை

அது சுத்தியல் சத்தமில்லை. கிளட்ச் நழுவும் சத்தம். சக்குக்குப் பின்னால் உள்ள எண் வளையம் ஸ்க்ரூ முடுக்கத்தான். ஓட்டை போடும்போது டிரில் படத்துக்குத் திருப்புங்கள். டிரிக்கரே அழுந்தவில்லையென்றால் திசைப் பொத்தான் நடுவில் நிற்கிறது. நடுநிலை என்பது பூட்டு, பிட் மாற்றும்போது அங்கேதான் வைக்க வேண்டும். மேலே உள்ள 1, 2 கியரில் ஸ்க்ரூவுக்கும் பெரிய ஓட்டைக்கும் 1, சின்ன ஓட்டைக்கு 2. ஓடும்போது மாற்றினால் பல் உடையும். கனமான வேலையில் சட்டென்று நின்றால் பேட்டரி சூட்டில் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. சூடாகவே சார்ஜரில் போட்டால் சார்ஜ் ஏறாது. கால் மணி, அரை மணி ஆறவிட்டுப் போடுங்கள்.